கறை தெரியும் இடம் ஒன்று, நீர் நுழையும் இடம் வேறு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பல வீடுகளில் சாயம் அடிக்கும் வேலை தொடங்கிவிடும். சன்னலுக்குக் கீழே இருக்கும் பழுப்புக் கறையை மறைக்க, அந்த இடத்தில் மட்டும் இரண்டு பூச்சு கூடுதலாகப் பூசுவார்கள். விருந்தினர் வரும் நாளில் சுவர் பளிச்சென்று இருக்கும். பொங்கல் வருவதற்குள் அதே இடத்தில் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரல் பட்டால் உதிரும். அடுத்த ஆண்டும் இதே கதைதான்.

“சாயம் மட்டமான சாயம்”, “பழைய வீடு என்றால் அப்படித்தான் இருக்கும்” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் சாயத்தின் மீதும் வீட்டின் வயதின் மீதும் பழி போடத் தேவையில்லை. சன்னலின் அடியில் நீர் உள்ளே போக ஒரு வழி இருக்கிறது. உள்ளே போன நீர் வெளியே வர வழி இல்லை. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் எத்தனை முறை சாயம் அடித்தாலும் கறை திரும்பி வரும். அது மட்டுமல்ல, ஆண்டுதோறும் நாம் அடிக்கும் சாயமே கசிவை மோசமாக்கவும் கூடும். எப்படி என்று பார்ப்போம்.

பினாங்கு ஜார்ஜ் டவுனிலும் மலாக்காவிலும் உள்ள பழைய கடைவீடுகளை எடுத்துக்கொள்வோம். இவ்விரு நகரங்களும் 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. அங்குள்ள பழைய வீடுகளின் சுவர்கள் செங்கல்லால் கட்டப்பட்டு, சுண்ணாம்புக் காரை பூசப்பட்டவை. மாடித் தளத்தைத் தாங்கும் மர உத்தரங்களின் முனைகள் அந்தச் சுவருக்குள் செருகப்பட்டிருக்கும். சுவர் நனைந்தால் மரமும் நனையும். மரத்தின் ஈரம் அதன் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால், மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைகள் வளரத் தொடங்கும். ஈரமான மரத்தைக் கரையானுக்கும் பிடிக்கும். சுவரில் வளரும் பூஞ்சணம் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் தொல்லை தரும். ஆகவே அந்தப் பழுப்புக் கறையை அழகுக் குறை என்று மட்டும் எண்ணி விட்டுவிட முடியாது.

சுவருக்குள் எவ்வளவு நீர்?

செங்கல் பார்ப்பதற்குக் கெட்டியாக இருந்தாலும் அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். சாதாரணச் செங்கல் தன் எடையில் 10 முதல் 20 விழுக்காடு வரை நீரை உறிஞ்சக்கூடியது. 3 கிலோகிராம் செங்கல் ஒன்று 15 விழுக்காடு உறிஞ்சினால், அதற்குள் 450 மில்லிலிட்டர் நீர் இருக்கும். ஒரு சிறிய போத்தல் அளவு!

ஒன்பது அங்குலத் தடிமனுள்ள சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 120 செங்கற்கள் இருக்கும். அவை எல்லாம் நன்றாக நனைந்தால் கணக்கு 50 லிட்டரைத் தாண்டும். அதில் பாதி நனைந்தாலும் 25 லிட்டருக்கு மேல். அவ்வளவு நீரின் மேல்தான் நாம் மெல்லிய சாயப் படலம் ஒன்றை ஒட்டவைக்கப் பார்க்கிறோம்.

நீர் ஏன் விரிசலுக்குள் இழுக்கப்படுகிறது?

நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. அதனால் நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல நடந்துகொள்கிறது. இதைப் பரப்பு இழுவிசை என்கிறோம். அதே நேரத்தில் நீர் மூலக்கூறுகள் கண்ணாடி, செங்கல், சிமெண்டு ஆகியவற்றோடும் ஒட்டிக்கொள்கின்றன. இந்த இரண்டு ஈர்ப்பும் சேர்ந்து, குறுகிய குழாய்களுக்குள் நீரை இழுத்துச் செல்கின்றன. இதுவே நுண்புழை ஏற்றம். மெல்லும் தாளின் நுனியை நீரில் வைத்தால் ஈரம் மேலே ஏறுவதும் இதனால்தான்.

குழாய் எவ்வளவு குறுகலோ, நீர் அவ்வளவு உயரம் ஏறும். குழாயின் ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் ஏற்றம் ஏறக்குறைய 1.5 சென்டிமீட்டர். ஆரம் 0.1 மில்லிமீட்டர் என்றால் 15 சென்டிமீட்டர். 0.01 மில்லிமீட்டர் என்றால் 1.5 மீட்டர்!

மேல்நோக்கி ஏறும்போதாவது புவியீர்ப்பு எதிர்த்து நிற்கிறது. பக்கவாட்டில் போகும்போது அந்தத் தடையும் இல்லை. தலைமுடி அளவு விரிசல்தானே என்று நாம் அலட்சியமாக விடும் விரிசல், ஒவ்வொரு மழையிலும் நீரைச் சுவருக்குள் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

காற்றும் சேர்ந்துகொண்டால்

விடியற்காலையில் திடீரென்று வீசி, மழையைச் சாய்த்து அடிக்கும் சுமத்திரா சூறைக்காற்றை நம் மேற்குக் கரையிலும் சிங்கப்பூரிலும் பலர் அறிவார்கள். அதன் வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை எட்டும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது வினாடிக்கு 20 மீட்டர். காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். காற்று சுவரில் மோதி நிற்கும்போது ஏற்படும் அழுத்தம்:

½ × 1.2 × 20 × 20 = 240 பாஸ்கல்

இந்த அழுத்தம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் உயர நீரைத் தாங்கும். சன்னல் சட்டத்துக்கு அடியில் இடைவெளி இருந்தால், அங்கே தேங்கிய நீரைக் காற்று இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தூக்கி, உள்பக்கம் தள்ளிவிடலாம் என்று பொருள். நேராகப் பெய்யும் கனமழையில் கசியாத சன்னல், சாரல் மழையில் கசிவது இதனால்தான்.

திண்டு செய்யும் மூன்று வேலைகள்

சன்னல் சட்டத்துக்குக் கீழே, சுவரின் மேல் ஒரு சிறு படிபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைச் சன்னல் திண்டு என்போம். சன்னலிலும் அதன் கதவுகளிலும் விழும் மழை முழுவதும் வழிந்து வந்து சேரும் இடம் அது. பூந்தொட்டி வைப்பதற்காக அதை யாரும் கட்டவில்லை. நீரைச் சுவரிலிருந்து விலக்கி வெளியே தள்ளுவதே அதன் வேலை. இதற்கு மூன்று அம்சங்கள் அதில் இருக்கின்றன.

முதலாவது, சரிவு. திண்டின் மேற்பரப்பு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் நீர் தேங்காது.

இரண்டாவது, நீட்சி. திண்டின் விளிம்பு சுவரைவிட மூன்று நான்கு சென்டிமீட்டராவது வெளியே நீண்டிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: சொட்டுக்காடி. திண்டின் அடிப்பக்கத்தில், வெளி விளிம்புக்குச் சற்று உள்ளே, விளிம்புக்கு இணையாக ஒரு சிறு காடி ஓடும். அகலம், ஆழம் இரண்டும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்.

அது எதற்கு? தேநீர்க் கூசாவைச் சாய்த்து மெதுவாக ஊற்றிப் பாருங்கள். தேநீர் குவளைக்குள் விழாமல், மூக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு வழியும். திண்டின் விளிம்பை அடைந்த மழைநீரும் அப்படித்தான் செய்கிறது. கீழே விழாமல், அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு சுவரை நோக்கி ஊர்கிறது. வழியில் காடி இருந்தால், அதைக் கடக்க நீர் மேல்நோக்கி ஏற வேண்டும். புவியீர்ப்பு அதற்கு விடாது. காடியின் விளிம்பில் துளிகளாகச் சேர்ந்து, எடை கூடியதும் தரையில் சொட்டிவிடும்.

காடி குறுகிப் போனால் என்ன ஆகும்? இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியை ஒரு நீர்த்துளியே பாலம் போட்டுத் தாண்டிவிடும். இப்போது ஆண்டுதோறும் அடிக்கும் சாயத்தை நினைத்துப் பாருங்கள். பூச்சுக்கு மேல் பூச்சாக ஏறி, தூசியும் சேர்ந்து, சில பத்தாண்டுகளில் அந்தக் காடியையே அடைத்துவிடுகிறது. கறையை மறைக்க அடித்த சாயம், கறைக்கு நீர் போகும் பாதையைத் திறந்துவிட்டது.

திண்டில் வேறு பழுதுகளும் வரும். மரச்சட்டம் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். பக்கத்தில் உள்ள சிமெண்டு அப்படி அசைவதில்லை. அதனால் இரண்டும் சேரும் இடத்தில் இடைவெளி விழுகிறது. சில வீடுகளில் திண்டை மீண்டும் பூசும்போது சரிவு உள்பக்கமாக அமைந்துவிடும். அப்படியானால் ஒவ்வொரு மழையும் நேராகச் சுவருக்குள்தான்.

துப்பறிவாளராக மாறுங்கள்

சுவரில் ஓதம் தெரிந்தால் உடனே திண்டுதான் காரணம் என்று முடிவு கட்டக்கூடாது. அறிவியலில் செய்வதுபோல, முதலில் கவனித்துப் பதிவு செய்ய வேண்டும்.

கறை எங்கே இருக்கிறது? சன்னலின் கீழ்மூலைகளில் தொடங்கிக் கீழே பரவினால் திண்டின்மீது சந்தேகம் வலுக்கிறது. கீழ்த்தளத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை சுவர் நெடுகப் பட்டையாக இருந்தால், ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. சன்னலுக்கு மேலேயே ஈரம் இருந்தால் கூரையின் நீர்த்தாரையைப் பார்க்க வேண்டும்.

எப்போது ஈரமாகிறது? பென்சிலால் கறையின் விளிம்பை லேசாகக் கோடிட்டு, தேதியை எழுதுங்கள். மழை பெய்த நேரம், காற்று வந்த திசை ஆகியவற்றையும் ஒரு மாதம் குறித்து வாருங்கள். சாரல் அடித்த சில மணி நேரத்தில் கறை பெரிதானால் மழைநீர்தான் காரணம். மழையே இல்லாத வாரத்திலும் பெரிதானால், சுவருக்குள் ஓடும் குழாய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

நீர் உண்மையில் சுவரிலிருந்துதான் வருகிறதா? அலுமினியத் தாள் ஒரு துண்டை எடுத்து, நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அறைப்பக்கம் ஈரமாக இருந்தால், அறைக் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் படிகிறது. குளிர்சாதனம் ஓடும் அறையை ஒட்டிய சுவர்களில் இப்படி நடக்கும். தாளின் சுவர்ப்பக்கம் ஈரமாக இருந்தால், ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது.

கடைசியாக நீர்ச் சோதனை. ரப்பர் குழாயால் வெளிச்சுவரை நனைக்க வேண்டும். ஆனால் கீழிருந்து மேலாக. முதலில் திண்டுக்குக் கீழ் உள்ள சுவர், பிறகு திண்டு, பிறகு சட்டம் சேரும் இடம், பிறகு கதவுகள். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம். உள்ளே ஒருவர் நின்று ஈரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது காரணம் என்றே தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் படிக்கிறோமே, அதே விதிதான். இதைத் தரைத்தளச் சன்னலில், பெரியவர்கள் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். மாடிச் சன்னலில் எட்டிப் பார்த்தோ ஏணியில் ஏறியோ செய்யக்கூடாது. அது குத்தகையாளரின் வேலை.

சிமெண்டா, சுண்ணாம்பா?

நீர் நுழையும் வழியைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டோம். உள்ளே இருக்கும் பல லிட்டர் நீர் என்ன ஆகும்? அது ஆவியாகித்தான் வெளியேற வேண்டும். இங்கேதான் பூச்சின் தன்மை முக்கியமாகிறது.

பழைய சுண்ணாம்புக் காரை நீராவியை எளிதாக வெளியே விடும். கெட்டியான சிமெண்டுப் பூச்சும், நீர்புகாச் சாயமும் அப்படி விடுவதில்லை. நல்ல நோக்கத்தோடு பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசினால், சுவர் மழைச்சட்டை போட்டுக்கொண்டு வியர்ப்பதுபோல ஆகிவிடும். சிமெண்டில் மெல்லிய விரிசல் விழும்போது நீர் உள்ளே போகும். திரும்பி வர வழி கிடைக்காது.

நீரில் கரைந்துள்ள உப்புகளையும் மறக்கக்கூடாது. செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்புகள் நீரில் கரைந்து பயணம் செய்கின்றன. நீர் ஆவியாகும் இடத்தில் அவை படிகமாகின்றன. சுவரில் வெள்ளையாக ‘உப்புப் பூப்பது’ இதுதான். சாயத்துக்குப் பின்னால் படிகம் வளர்ந்தால், அது சாயத்தைத் தள்ளி உதிர்த்துவிடும். கறையின் விளிம்பு மட்டும் அதிகப் பழுப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாவதால், கரைந்திருந்த பொருள்கள் அங்கே சேர்ந்துவிடுகின்றன. மேசையில் சிந்திய காப்பி காய்ந்ததும் வளையம்போல் கறை விடுவதும் அப்படித்தான்.

சுண்ணாம்பின் வேதியியல் உங்களுக்குத் தெரிந்ததுதான். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் நீர் சேர்த்தால் நீர்த்த சுண்ணாம்பு. சுவரில் பூசிய பிறகு, அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல எடுத்துக்கொண்டு மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதினால் பால்போல் ஆகிறதே, அதே வினைதான் சுவரில் பல மாதங்களாக நடக்கிறது.

இந்தத் தொழிலில் நம் மக்களுக்கும் பங்குண்டு. 1862இல் அர்ச்சிக்கப்பட்ட சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அதன் சுவர்களுக்கு ‘மெட்ராஸ் சுண்ணம்’ பூசப்பட்டது. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைக் கலந்து செய்த பூச்சு அது.

பழுதுபார்க்கும் வரிசை

வேலை பெரியவர்களுடையது. ஆனால் வரிசை தெரிந்திருந்தால், குத்தகையாளர் “நீர்புகாச் சாயம் அடித்தால் போதும்” என்று சொல்லும்போது வீட்டில் நீங்கள் கேள்வி கேட்கலாம்.

1. முதலில் நீரை நிறுத்த வேண்டும். சொட்டுக்காடியைச் சுரண்டித் திறந்து, திண்டின் சரிவைச் சரிசெய்ய வேண்டும். மரமும் திண்டும் சேரும் இடைவெளியில், அசைவுக்கு ஏற்ப நீளும் பசையை இட வேண்டும். அங்கே சிமெண்டு வைத்தால் மீண்டும் பிளக்கும்.

2. பழுதான பூச்சை அகற்றி, உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள் போய்விடும்.

3. காத்திருக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது பிரிட்டனில் சொல்லப்படும் தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம்! நம் நாட்டில் வெப்பம் உதவும். காற்றின் அதிக ஈரப்பதம் தடுக்கும். மின்விசிறியும் திறந்த சன்னலும் ஆவியாதலை விரைவுபடுத்தும்.

4. பிறகு சுண்ணாம்புக் காரையை மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். மேலே சுண்ணாம்பு அடிக்கலாம். அல்லது நீராவியை வெளியே விடும் சாயத்தைப் பயன்படுத்தலாம்.

நீர்த்த சுண்ணாம்பு வலுவான காரம். தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறையும் கண்காப்பும் கட்டாயம் தேவை. பழைய மரச்சட்டங்களின் சாயத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால், அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக்கூடாது. மரபுடைமை வட்டாரத்தில் உள்ள வீடு என்றால், வேலையைத் தொடங்கும் முன் மாநகர் மன்றத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலத்தையும் பார்த்துச் செய்ய வேண்டும். பினாங்கில் தீபாவளியை ஒட்டிய மாதங்களில் மழை அதிகம். சுவர் மிக ஈரமாக இருக்கும் நேரத்தில்தான் நாம் அதன்மேல் சாயம் அடிக்கிறோம். அங்கே ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. இந்தத் தீபாவளிக்குக் கறை கறையாகவே இருக்கட்டும். திண்டை மட்டும் இப்போதே சரிசெய்துவிட்டு, பொங்கலுக்குப் பிறகு உலர்த்தும் வேலையைத் தொடங்கி, அடுத்த தீபாவளிக்குச் சாயம் அடிக்கலாம்.

செய்து பாருங்கள்

*சோதனை 1:* பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றைத் தொட்டியின்மேல் சற்றே சாய்த்துப் பிடித்து, மேற்பரப்பில் மிக மெதுவாக நீர் ஊற்றுங்கள். விளிம்பைத் தாண்டிய நீர் எவ்வளவு தூரம் அடிப்பக்கத்தில் ஊர்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு அடிப்பக்கத்தில், விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளே, பிளாஸ்டிசினை ஒரு வரப்புபோல ஒட்டி மீண்டும் ஊற்றுங்கள். துளிகள் இப்போது எங்கே விழுகின்றன?

*சோதனை 2:* ஒரே அளவுள்ள இரண்டு செங்கல் துண்டுகளை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, எடை பாருங்கள். ஒன்றைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கமாகச் சுற்றுங்கள். மற்றதை அப்படியே வையுங்கள். ஏழு நாள்களுக்கு, நாளுக்கு ஒருமுறை எடையைக் குறித்து வரைபடம் வரையுங்கள்.

சிந்தியுங்கள்

1. இரண்டாம் சோதனையில் வரும் இரு கோடுகளில் எது சிமெண்டுப் பூச்சிட்ட சுவரை ஒத்திருக்கிறது? ஏன்?

2. சொட்டுக்காடியை 2 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டினால் பயன் தருமா?

3. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள சன்னல் திண்டு ஒன்றின் அடிப்பக்கத்தைக் கீழே நின்றபடியே பாருங்கள். காடி இருக்கிறதா? அது திறந்திருக்கிறதா, சாயத்தால் அடைபட்டிருக்கிறதா?